மேஜைக்குள் இரண்டு லென்ஸ்

சூப்பர்வைசர் வெள்ளியங்கிரியின் லென்ஸ் காணாமல் போனதிலிருந்து பனியன் கம்பெனியில் யாருக்கும் நிம்மதியில்லை. துணியின் பின்னலில் லூப் எண்ணிப் பார்க்க அவர் வைத்திருந்த, உறைக்குள் மடிகிற கறுப்பு லென்ஸ் அது. மனுஷன் வேப்பெண்ணெய் குடித்த மூஞ்சியோடு திரிந்தார். செக்கிங் பெண்களின் சோத்துப் போசியைக்கூடத் திறக்கச் சொன்னார். உள்ளே என்ன இருக்கும், புளிச்சோறுதான் இருந்தது.

செக்கிங்கில் இருந்த மயிலாள் போசியைத் திறந்தபோது மட்டும் அவர் பார்வை ஒரு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகள் லட்சுமி நேரே கம்பெனிக்கு வந்து, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பார்வை மயிலாளை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளின் புத்தகப் பைக்குள் கையை விட்டாள். கறுப்பு உறை தட்டுப்பட்டது.

“இதேதுடி?”

“ஸ்கூல்ல கண்ணு கேம்ப்புல குடுத்தாங்கம்மா. இத வெச்சாத்தான் எனக்கு எழுத்தே தெரியுது.”

“சும்மா தூக்கிக் குடுக்க அவிங்க என்ன உனக்கு மாமனா மச்சானா? எங்கிட்ட ஏன் சொல்லுல?”

“கண்ணப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நீதானம்மா சொன்னே?”

சொன்னது உண்மைதான். லட்சுமிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல். ஊருக்குத் தெரியாமல் கண்ணாடி போட்டுப் பார்த்தும் தேறவில்லை. புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பாள். யாராவது கேட்டால், “படிப்புல அத்தன ஆசைங்க” என்று மயிலாள் சமாளித்துவிடுவாள். காரணம், அடுத்த டேபிளில் வேலை செய்த அவள் நங்கையாள், அண்ணன் பெண்டாட்டி மாரக்காள். லட்சுமி பிறந்த அன்றே “இவ எங்கூட்டு மருமக” என்று சொல்லிவைத்தவள். விஷயம் தெரிந்தால் அந்தப் பேச்சு காற்றோடு போய்விடும்.

தான் வாயைக் கட்டி வைத்த பிள்ளை சொன்னதை மயிலாளே நம்பவில்லை. திருடிவிட்டுக் கதை கட்டுகிறாள் என்றே நினைத்தாள். “நாளைக்கு மத்தியானம் பரீட்சைம்மா” என்று லட்சுமி காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மயிலாள் லென்ஸை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காலையில் யாரும் வருமுன் அதை வெள்ளியங்கிரியின் மேஜை டிராயருக்குள் போட்டாள். அவர் டிராயரைத் திறந்து, “இங்கியேதான் கெடந்திருக்குது!” என்று சிரித்தபோது அவளுக்குப் போன உயிர் வந்தது.

டீ நேரத்தில், துணிக்குச் சாயம் போடும் டையிங் பட்டறை நல்லான் வந்தார்.

“ஏனுங்க, அன்னிக்கு எங்க ஆபீஸ்ல உங்க லென்ஸ மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்க.”

மேஜை மேல் இப்போது இரண்டு கறுப்பு லென்ஸ்.

“குட்டி போட்டுருச்சாட்டத் தெரியுதுங்க!” என்றாள் மாரக்காள். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை.

“எங்கியோ களவாண்டத என்ற டிராயர்ல போட்டது யாரு? ஆளு தெரியற வரைக்கும் ரண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்.”

இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பேசாமல் இருந்தால் மாரக்காளுக்கு ஒன்றும் தெரியாது. மத்தியானம் பிள்ளை கேள்வித்தாளை முகத்தில் ஒட்டிக்கொண்டு தவிக்கும். பெற்ற பிள்ளையைத் திருடி என்று நினைத்துவிட்டோமே! மயிலாள் எழுந்து நின்றாள்.

“அதுல ஒண்ணு எம்புள்ளையோடதுங்க. அவளுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க. ஸ்கூல்ல குடுத்திருக்காங்க. உங்களுதுன்னு நெனச்சு நாந்தானுங்க டிராயர்ல போட்டன்.”

“பொறந்ததுல இருந்தேவா?” என்றாள் மாரக்காள்.

“ஆமாங்க நங்கையா.”

மாரக்காள் தன் டேபிளுக்குத் திரும்பினாள். கையிலிருந்த பனியனைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

வெள்ளியங்கிரி எடுத்து நீட்டிய லென்ஸை வாங்கிக்கொண்டு மயிலாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வராந்தாவில் நின்ற லட்சுமி அதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மலரவில்லை.

“மறுக்கா எடுத்துட்டுப் போயிருவியா?”

“இல்ல கண்ணு. நெசமா இல்ல.”

லட்சுமி கிட்டே வந்தாள். புத்தகத்தைப் படிப்பதுபோல மூக்கு உரசும் தூரத்துக்கு வந்து, அம்மாவின் முகத்தை இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்வரை மெதுவாகப் பார்த்தாள். பிறகு லென்ஸைப் பைக்குள் வைக்காமல், கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.