முனியம்மா வரைக்கும்

அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து தனலெட்சுமி சேலை முந்தானையை உதறி இடுப்பில் செருகியபோது, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் ஒப்பாரி பாதியில் நின்றது. பெற்ற மகள் சவத்தை விட்டுவிட்டு வெளியே போவதா? லயத்து வரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க புள்ள போற? எடுக்கிற வரைக்கும் நீ கிட்ட இருக்கணுமில்ல?"

"எடுக்கிறதுக்குப் பொட்டி வேணுமில்ல? அதக் கேக்கத்தான் போறேன்."

காலையிலேயே பெட்டிக்குப் பலகை வாங்கப் போன அவள் புருஷன் சிவனாண்டி அப்போதுதான் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். தேயிலைத் தோட்டத்தில் யார் செத்தாலும் பலகையும் ஆணியும் தோட்டமே கொடுக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒழுகாத கூரை கொடுக்காதவர்கள்கூடச் செத்தவனுக்குப் பலகை கொடுக்காமல் விட்டதில்லை. இன்றைக்கு அதுவும் இல்லையாம். பெரியாயி என்ற அம்மாவின் பெயர் ஆபீஸ் மெஷினில் இல்லையாம்.

"பாவம், கிளாக்கரையாவும் என்னதான் பண்ணுவாரு…" என்று சிவனாண்டி இழுத்தான்.

"அவருக்குப் பாவம் பாக்கத்தான் ஒன்ன அனுப்பினேனா?" என்றாள் தனலெட்சுமி. தலையை முடியாமல், காலில் செருப்பில்லாமல், மழைச் சேற்றில் ஆபீசுக்கு இறங்கினாள். அவன் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். நமுனுகுல மலை இடுப்புவரை மேகத்துக்குள் கிடந்தது.

போன வாரம் வரைக்கும் கொழுந்துக் கூடையைச் சுமந்த அம்மா. காய்ச்சல் என்று படுத்தவள் விடியற்காலையில் ஒரு வாய் சுடுதண்ணீர் கேட்டாள். அதைக் கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். ஐம்பது வருடமாக இந்த மலையில் அவள் கால் படாத இடமில்லை. அவள் இல்லையாம்!

ஆபீசில் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு அறையை வெள்ளையடித்து, கதவுக்குத் திரைபோட்டு வைத்திருந்தார்கள். அது வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏதோ ஒரு வெளிநாடு உதவியாகக் கொடுத்தது. அந்த மாதிரி கம்ப்யூட்டர் இலங்கை முழுவதற்கும் இது ஒன்றுதான் என்று பெரிய கிளாக்கர் நல்லையா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். ஒன்றுதான் இருக்கிறதென்றால் பழுதானால் பார்க்கவும் ஆளில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. பெயர் எழுதிய பழைய கொப்பிகளைச் சாக்கில் கட்டிப் பதுளைக்கு அனுப்பியாகிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுகிற பெயர், சம்பளம், பிறப்பு, சாவு எல்லாம் இனி அந்தப் பெட்டிக்குள்தான். செத்தவர் பெயரை அதில் தட்டினால் ஒரு சீட்டு அடித்து வெளியே வரும். அந்தச் சீட்டைக் கொடுத்தால்தான் பலகை கிடைக்கும்.

போன வாரத்து அடைமழையில் மரம் விழுந்து கரண்ட் நின்றுபோனது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போயிருந்தது. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துவிட்டதாம். அதனால் தன் வயிற்றுக்குள் பெயர்களையெல்லாம் வைத்திருக்கிற டிஸ்க் எவ்வளவு பெரியது என்பதே அதற்கு மறந்துவிட்டதாம். டிஸ்க் எந்த வகை, எண்ணைச் சொல் என்று திரையில் கேட்டுக்கொண்டு நின்றதாம். கூட வந்த புத்தகமோ கொடுத்த நாட்டுப் பாஷையில் இருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வந்த நிஸாம், பதுளை டவுன்காரன், கொழும்பில் கொஞ்சம் படித்தவன், ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தான். ஒரு எண்ணுக்கு அது திறந்துகொண்டது. அவன் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மூச்சுவிடுவதற்குள் நல்லையா பதுளைப் பெரிய ஆபீசுக்கு டெலிபோன் எடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது, நாங்களே சரிபண்ணிவிட்டோம் என்று சொல்லி மெச்சுதலும் வாங்கிவிட்டார். பெரியாயியின் பெட்டிக்குக் குறுக்கே நின்றது அந்த மெச்சுதல்தான்.

தனலெட்சுமி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் காலிலிருந்து சேறு அந்தச் சுத்தமான சிமெந்துத் தரையில் இறங்கியது. நல்லையா அந்தச் சேற்றைத்தான் முதலில் பார்த்தார்.

"இங்க பாரும்மா, உன் புருஷன்கிட்ட எல்லாம் வெவரமாச் சொல்லி அனுப்பினேனே."

"எனக்குச் சொல்லுங்கய்யா. எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். யாரு இல்லன்னா?"

"ஒங்க சம்சாரத்துக்கு ரெண்டு பிரசவத்துக்கும் வந்து தண்ணி சுட வச்சு ஊத்தினது யாரு?"

நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரிஞ்சு என்னம்மா செய்ய? மெசினுக்குத் தெரியணும். சீட்டு இல்லாம பலகை குடுத்தா நாளைக்கு என் கழுத்துக்குத்தான் வரும்."

"முன்ன நாடு இல்லேன்னீங்க. பொறவு ஓட்டு இல்லேன்னீங்க. இப்ப ஆளே இல்லேங்கிறீங்க. இதோ, லயத்துல பொணமா கெடக்கிறது யாரு?"

சிவனாண்டி பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

நிஸாம் தலை நிமிராமல் மறுபடியும் ஒருமுறை பெயரைத் தட்டினான். பெட்டிக்குள் ஏதோ கரகரவென்று சுரண்டியது. பிறகு திரையில் ஒரு வரி வந்து நின்றது. அவன் நல்லையாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஒங்கட உம்மாட பேரு உள்ளுக்கு இரிக்கு. இதுக்குத்தான் தெரியா."

"அப்பிடின்னா?"

"இங்கிலீசு எழுத்து வரிசையில முனியம்மா வரைக்கும் காட்டுது. அதுக்குப் பொறகு ஒத்தரும் இல்ல. பெரியாயி இல்ல, பொன்னையா இல்ல, ராக்கம்மா இல்ல, இந்தா நிக்கிறாரே, ஒங்கட மாப்பிள்ளை சிவனாண்டியும் இல்ல. டிஸ்கு பெருசு, நான் சின்ன நம்பரு ஒண்டக் குடுத்துட்டன் போல." அவளுக்கு விளங்கவில்லை என்று கண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். "பத்துக் காம்பரா லயத்த அஞ்சு காம்பராண்டு செல்லிட்டா எப்பிடி? அஞ்சாவது கதவோட திரும்பி வந்துரும். ஆறாவது கதவத் தட்டிப் பாக்காது. அப்பிடித்தான்."

"அப்ப பத்துன்னு சொல்லு."

"பத்தா பன்னெண்டாண்டு எனக்குத் தெரியாக்கா. போட்டுத்தான் பாக்கணும்."

"போட்டுப் பாரு!"

நிஸாமின் கை விசைப்பலகைப் பக்கம் போனது. நல்லையா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாத. மாத்திப் போட்டு உள்ள இருக்கிறதும் அழிஞ்சிட்டா? சரியாயிட்டுதுன்னு பதுளைக்குச் சொல்லியிருக்கேன். கொழும்புல இருந்து ஆள் வரட்டும். அவன் பார்த்துக்குவான்."

"அவரு எப்பய்யா வருவாரு?"

"வருவாரு. இந்த மாசம், இல்லாட்டி அடுத்த மாசம்."

"அது வரைக்கும் எங்கம்மாவ உப்புப் போட்டு வைக்கச் சொல்றீங்களா?"

கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நல்லையா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்கிறவரைப் போலச் சொன்னார்.

"ஒண்ணு செய்யலாம். உன் பேர இங்கிலீசுல 'D'யில எழுதியிருக்கு, அது முன்னால இருக்கு, மெசின்ல வருது. செத்தது நீன்னு தட்டினா சீட்டு வந்துரும். பலகைய வாங்கி உன் அம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணு. கொழும்பு ஆள் வந்ததும் திருத்திக்கலாம்."

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை.

"நான் செத்துட்டேன்னா?"

"சும்மா எழுத்துக்குத்தான்."

"பெரட்டுல என் பேரக் கூப்பிடுவீங்களா?"

"அதெப்படிம்மா? செத்தவங்க பேரு வராது. கொஞ்ச நாளைக்கு வேலைக்கு எறங்காம இரு."

"தனம்," என்றான் சிவனாண்டி. அவன் கண் கலங்கியிருந்தது. "ஆத்தாவ வெறும் பாயில சுத்தியா கொண்டு போறது? பேருதானே புள்ள. போட்டுக்கட்டும்."

அவள் ஒரு நிமிடம் தளர்ந்துபோனாள். அதை மறைப்பதற்கில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். அங்கே ஈரத் தரையில் அம்மா கிடக்கிறாள். பெயரைக் கொடுத்தால் பெட்டி. நிஸாம் ஏற்கெனவே தட்ட ஆரம்பித்திருந்தான். திரையில் அவள் பெயர் பச்சை எழுத்தில் எழும்பி வந்தது. அவளுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

"இதுதான் நீங்க அக்கா," என்று நிஸாம் விரலால் காட்டினான். "நிச்சயமாண்டு கேக்குது. அடிக்கட்டா?"

இதுவரை எந்த மெஷினும் எந்த மனிதனும் எந்தக் காகிதமும் அவளிடம் நிச்சயமா என்று கேட்டதில்லை. கேட்டது முதல்தடவையாக, அதுவும் அவளைச் சாகடிப்பதற்கு.

"அடிச்சா கையி இருக்காது," என்றாள்.

நிஸாம் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"எங்கம்மா எங்கம்மாவாத்தான் செத்திருக்கா. என்னையப் பொட்டியில போட்டு அவளப் பொதைக்க மாட்டேன். ஒங்க பலகைய நீங்களே வச்சுக்கங்க. ஒங்க மெசினுக்கு அடுப்பு எரிக்க ஆகும்."

திரும்பி ஏறியதும் சிவனாண்டி நேரே உள்ளே போய்ப் பெண்களிடம் நடந்ததைச் சொன்னான். லயத்து வாசலில் தோட்டத்துத் தச்சர் பொன்னையா உளியும் ரம்பமும் வைத்துக்கொண்டு பலகைக்காகக் காத்திருந்தார். வெறுங்கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பீடியை அணைத்தார்.

தனலெட்சுமி தன் காம்பராக் கதவின் முன்னால் நின்றாள். பழைய சப்பு மரக் கதவு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பதுளைப் பக்கம் புகை எழும்பிய நாட்களில், தாழ்ப்பாள் இல்லாத இந்தக் கதவுக்குத்தான் அம்மா முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் தள்ளிவிட்டு எவன் வருகிறான் பார்ப்போம் என்று வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் புகை அடங்கி, எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறின பிறகும், தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

"மாமா, இதக் கழட்டுங்க," என்றாள் தனலெட்சுமி.

பொன்னையா அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "தோட்டத்துக் கதவு புள்ள. கேள்வி வரும்."

"வரட்டும்."

"ஒரு கதவு பத்தாது. அடிக்கும் மூடிக்கும்தான் ஆகும். ரெண்டு பக்கத்துக்கும் பலகை வேணும்."

உள்ளே ஒப்பாரி மறுபடியும் நின்றது. இராக்கம்மா மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"நானும் மெசின்ல இல்லன்னு ஒன் புருசன் சொல்றாரு. இல்லாதவளுக்கு எதுக்குக் கதவு? ஏன் பொன்னையாண்ணே, நீங்களும்தான் இல்லையாம்."

"நானுமா?" பொன்னையா எழுந்துகொண்டார். "அப்ப எவனுக்குப் பயப்படணும்?" என்று சொல்லிக்கொண்டே இராக்கம்மாவின் கதவுக் கீலில் உளியை வைத்தார்.

மழைக்குச் சாக்கைப் பிடித்து அதன் கீழேயே அறுத்தார்கள். பொன்னையா செய்த பெட்டிகளிலேயே அது அழகில்லாத பெட்டி. ஒரு பக்கம் பச்சைச் சாயம், மறுபக்கம் நீலச் சாயம். மூடியில் கைப்பிடி இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. அதை அடைக்கப் போனபோது தனலெட்சுமி வேண்டாம் என்றாள். தப்பு முழங்க ஆண்கள் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினார்கள். கொழுந்து மட்டத்துக்கு மேலே அந்தப் பச்சையும் நீலமும் கொஞ்ச தூரம் தெரிந்தன, பிறகு பள்ளத்தில் மறைந்தன. பெண்கள் காம்பராவைக் கழுவிவிட்டு, அம்மா கிடந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். காற்று வந்து அதை அணைத்துக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகு துக்கம் கேட்க நல்லையா வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, அவர் சம்சாரம் சீனியும் தேயிலையும் கட்டிக் கொடுத்திருந்தாள். குடையை மடக்கி வாசலில் நின்று, "நல்ல மனுஷி" என்று ஆரம்பித்தவர், நிலையில் கதவு இல்லாததைக் கண்டார். பக்கத்துக் காம்பராவைப் பார்த்தார். அங்கும் வெறும் நிலைதான். அவர் முகம் ஆபீஸ் முகமாக மாறுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஏம்மா, இது தோட்டத்துச் சாமானில்லையா? நாளைக்குத் தொரை கேட்டா நான் என்ன சொல்ல? யாரு கழட்டினது?"

இராக்கம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"பேரச் சொல்லணும். மெசின்ல போட்டாகணும்."

தனலெட்சுமி அணைந்த திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியாயி," என்றாள். "பெரியாயிதான் எடுத்துட்டுப் போயிட்டா. போட்டுக்கங்கய்யா."

நல்லையா சீனிப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, குடையை விரிக்க மறந்து மழையிலேயே இறங்கிப் போனார்.

மலையிலிருந்து மேகம் இறங்கி லயத்து வாசல்வரை வந்துவிட்டது. அம்மா மழையில் தலையிலிருந்து கால்வரை போர்த்துகிற கறுப்புக் கம்பளியைத் தனலெட்சுமி கொடியிலிருந்து எடுத்தாள். கொழுந்து வாசனை இன்னும் அதில் இருந்தது. சிவனாண்டி நிலையின் மேல்கட்டையில் இரண்டு ஆணி அடித்துக் கொடுத்தான். கம்பளியை அதில் மாட்டித் தொங்கவிட்டாள். அகலத்துக்குச் சரியாக இருந்தது. நீளத்துக்குத்தான் எட்டவில்லை, எவ்வளவு இழுத்துவிட்டாலும் கீழே ஒரு முழம் இடைவெளி இருந்தது.

அம்மா குள்ளம்.