சேதுராமனை ஏற்றிய கோச்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு ஆவணி மாதம் சேதுராமன் ஏறிய எந்தக் கோச்சியும் கடுகண்ணாவை மலையேற்றத்தில் ஏறவில்லை. அதே மாதம் தேங்காய் விலையும் கூடியிருந்ததால் கண்டியில் இரண்டைப் பற்றியும் ஒரே அளவுதான் பேசிக்கொண்டார்கள்.

மகள் சந்திரிகாவின் கல்யாணப் புடவையோடு கொழும்பிலிருந்து அவர் திரும்பிய நாளில்தான் ரயில் முதன்முதலாக நின்றது. மலையடிவாரத்து ரம்புக்கனையில் வழக்கம்போலப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் இன்ஜினைப் பூட்டினார்கள். இரண்டும் சேர்ந்து உறுமின. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. கார்ட் ஹலீம் மடவளைக்காரர், எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவர். முதலில் கருவாட்டு மூட்டைகளை இறக்கிப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். சேதுராமன் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் கோச்சி தானாக முன்னால் நகர்ந்தது. திரும்ப ஏறச் சொன்னார், நின்றது. அவரைப் பார்சல் தராசில் நிறுத்துப் பார்த்ததில் செருப்போடு நூற்றிருபது இறாத்தல்தான் காட்டியது. "மாஸ்டர், பாரம் ஒங்கட ஒடம்புல இல்ல, வேற எங்கயோ ஈக்குது," என்று சொன்ன ஹலீம், புடவையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பச்சைக் கொடி காட்டிப் போய்விட்டார்.

சேதுராமன் பிரசங்கியார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் மேடையேறியவர். கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் திருவிழாவானாலும் கருமாதியானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஜனங்களின் வாக்குரிமை பறிபோனபோது, முற்பிறவியில் அவர்கள் யாருடைய பேச்சையோ காதில் வாங்காமல் விட்டதன் பயன் அது என்று விளக்கினார். வீரம்மா என்ற கொழுந்துக்காரியின் புருஷனுக்கு இலை அரைக்கும் ரோலரில் கை போனபோது, போன பிறவியில் ஓங்கிய கை இந்தப் பிறவியில் கணக்குத் தீர்த்தது என்றார். ரோலருக்குத் தடுப்புப் போடாத தோட்டத்துத் துரை அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிளாக்கர் பேச்சை இங்கிலீசில் சொன்னதும் துரைக்கு அது மிகவும் பிடித்துப்போய், தன் கையாலேயே மாலை போட்டார். பிறகு, தோட்டத்து ஜனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்களிடம் போவது வினை என்றார். இருக்கப் போகிறவர்களிடம் இருப்பது வினை என்றார். சேதுராமன் கெட்டவரல்ல. நல்ல குரல், விடை சொல்லாமல் மேடையை விட்டு இறங்கியதே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ரம்புக்கனையில் நின்றபோதும் அவர் கலங்கவில்லை. இது ரயில்வே திணைக்களத்தின் பழவினை என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு விளக்கினார். பஸ்ஸில் ஏறினார், கணவாயின் முதல் வளைவிலேயே ரேடியேட்டர் கொதித்தது. லொறியில் ஏறினார், நான்கு டயரும் பட்டாசு போல வெடித்தன. நடந்துதான் பார்ப்போமே என்று நடந்தார். ஏற்றம் தொடங்கிய இடத்தில் கால் தாரில் கணுக்கால்வரை புதைந்தது. அந்தக் குழிகளை ரோட்டு ஓவர்சியர் மறுநாள் கல் போட்டு மூடினார். சேதுராமன் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் தங்கி, கல்யாண நாள் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திரிகா தாயில்லாத பெண். மாப்பிள்ளை வீட்டார் மாத்தளைக்காரர்கள். குறித்த முகூர்த்தம் தவறினால் பெண்ணே வேண்டாம் என்கிற ரகம். சந்திரிகாவோ, அப்பா வந்து கன்னிகாதானம் செய்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று ஹலீமிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிவாதம். நல்ல பொருத்தம்தான், சேர்ந்தால்.

கல்யாண நாள் காலையில் தலைமன்னாரிலிருந்து வந்த கோச்சியில் கடைசி முறையாக ஏறினார். அன்றைக்கும் கார்ட் ஹலீம்தான். பெட்டி நிறையத் தோட்டத்து ஆட்கள். சொந்தபந்தங்களை அங்கே இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, அழுது வீங்கிய முகங்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோச்சி நின்றது. ஜன்னலோரம் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வீரம்மாதான்.

"ஐயா, சொகமா இருக்கீங்களா? எங்க வீட்டுக்காரரு கை போனதுக்கு வெளக்கம் சொன்னீங்க. இப்ப கோச்சி நிக்கிறதுக்கும் ஒண்ணு எடுத்து விடுங்க, கேப்போம்."

"இது கோச்சில இருக்கிற எல்லாரோட கூட்டு வினைம்மா," என்றார் சேதுராமன், பழக்கதோஷத்தில். சொல்லி முடிப்பதற்குள் கோச்சி பின்பக்கமாக நழுவியது.

"ஆத்தாடி! வாய மூடுங்கய்யா. நீங்க பேசுற பேச்சுல மறுபடி தலைமன்னாருக்கே போய்ச் சேந்துருவோம் போலருக்கு."

பெட்டி முழுவதும் சிரித்தது. சேதுராமன் கடிகாரத்தைப் பார்த்தார், வீரம்மாவைப் பார்த்தார். "அந்தக் கை எதனால போச்சுன்னா... போன பொறவியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ரோலருக்குத் தடுப்பு இல்ல. அது தெரியும். தெரிஞ்சும் அதச் சொல்லல."

கோச்சி ஒரு பெட்டி நீளம் மேலே ஏறி நின்றது.

வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏய் இருளப்பா, ஒனக்கு என்னா சொன்னாரு? வந்து அதத் திருப்பிக் குடு!" என்று கத்தினாள். வரிசை கட்டினார்கள். பிள்ளை செத்தவள், லயத்து வீட்டுக் கூரை இடிந்து விழுந்தவன், குடியுரிமைக்குப் பேர்ப்பதிவு மறுக்கப்பட்டவன் என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். சேதுராமன் ஒவ்வொருவருக்கும் தெரியாது என்றார். தெரிந்து மறைத்த இடங்களில் தெரிந்ததைச் சொன்னார். கோச்சி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அடுத்த பெட்டிக்காரர்களும் வந்தார்கள். ஊர் திரும்பும் அவசரத்தில், அவரை முன்பின் பார்த்திராத இரண்டு பேர்கூட எதையோ இட்டுக்கட்டிக் கேட்டார்கள். அதற்குக் கோச்சி அசையவில்லை.

கடுகண்ணாவை ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மறுபடி நின்றது. கேட்பதற்கு ஆள் இல்லை. ஹலீம் பெட்டி பெட்டியாகத் தேடிவிட்டு வந்து, "மாஸ்டர், இன்னும் ஆரோ ஒரு ஆள் ஈக்குது," என்றார்.

"இந்தக் கோச்சில இல்ல ஹலீம். மணவறைல இருக்கா."

ஹலீம் தண்டவாளத்தோடு நடந்துபோய் ஸ்டேஷனிலிருந்து கண்டிக்குப் போன் பண்ணினார். மாப்பிள்ளை, ஐயர், நாதஸ்வரக்காரர், சாம்பார் வாளி எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏறிக் கணவாய்க்கு வந்தன. சந்திரிகா புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரளைக்கல்லில் நடந்துவந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"என்னப்பா இது, ஊரே சிரிக்குது."

"சின்ன வயசுல, அம்மா ஏன் செத்தாங்கன்னு கேட்டியே. நீ பொறந்த வினைன்னு சொன்னேன்."

"ஆமா. சொன்னீங்க."

"அன்னிக்கு ரத்தம் நிக்கல. டாக்டரக் கூப்பிட ஆளனுப்புங்கன்னு மருத்துவச்சி சொன்னாங்க. நான்தான் விடியட்டும்னேன். எல்லாம் வினைப்படி நடக்கும்னு தூங்கிட்டேன். ஒன்மேல ஒண்ணும் இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தினார். சந்திரிகா அப்பாவின் விரல்களுக்கு மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "இதுக்கு இன்னும் நெறையப் பேசணும்பா. இன்னிக்கில்ல," என்றாள். "தள்ளி உக்காருங்க. மாப்பிள்ளைக்குப் பசிக்குதாம்."

கல்யாணக் கூட்டம் மூன்றாம் வகுப்பில் ஏறியது. இன்ஜின்கூட எதிர்பாராத வேகத்தில் கோச்சி மலையேறியது. பேராதனை வருவதற்கு முன்னால், முகூர்த்தம் தவறாமல், சேதுராமன் கன்னிகாதானம் செய்ய, வீரம்மா முதல் எல்லாரும் அட்சதை தூவ, மாப்பிள்ளை தாலி கட்டினார். மாத்தளைக்காரர்கள் சாம்பாரில் உப்புக் குறைவு என்று மட்டும் குறைப்பட்டார்கள்.

அதன்பிறகு ரம்புக்கனையில் டிக்கெட் பார்க்கும்போதே, யாருக்காவது ஏதாவது விளக்கம் சொல்லியிருக்கிறீர்களா என்று ஹலீம் கேட்கத் தொடங்கினார். சொல்லியிருந்தவர்கள் இறங்கிப்போய், உரிய ஆளைத் தேடிப் பேசிவிட்டு அடுத்த கோச்சிக்கு வந்தார்கள். தேர்தல் காலங்களில் பிளாட்பாரத்தில் நிற்க இடம் இருக்காது. சாப்பாட்டுக் கடைக்காரர் மேல்மாடியில் இன்னும் இரண்டு கட்டில் வாங்கிப் போட்டார்.