அத்தான் ஊற்றிக் கொடுத்த பியர்

நிலாணிக்குச் சீலியாக் என்று டொக்டர் சொல்லி இரண்டு வருடமாகியும், அவளுடைய அக்கா புருஷன் டெனிஸ்டன் அதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கோதுமையும் பார்லியும் தன் உடம்புக்கு ஆகாது, ஒரு துண்டுப் பாண்கூடக் குடலைப் புண்ணாக்கிவிடும் என்று அவள் எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருந்தாள். "ஊரில உதெல்லாம் ஆருக்கு இருந்தது? கனடாவுக்கு வந்தாப் பிறகுதான் எல்லாருக்கும் ஸ்டைலா ஒவ்வொரு வருத்தம்," என்று சொல்லிக்கொண்டே அவர் கொத்துரொட்டித் தட்டை அவள் பக்கம் தள்ளிவிடுவார்.

பாணையும் கொத்தையும் விட்டது அவளுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. பார்லியில் காய்ச்சுகிற பியரை விட்டதுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவளும் கணவன் திலக்சனும் ஆளுக்கொரு பியரோடு பின்படியில் இருந்து கதைப்பது கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து வந்த பழக்கம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் இல்லாததென்று கடையில் விற்கிறதையும் வாங்கிப் பார்த்தாள், பிடிக்கவில்லை. அப்போதுதான் இறுங்கில் வீட்டிலேயே பியர் காய்ச்சலாம் என்று வாசித்தாள். தமிழ்நாட்டுக்காரர் வெள்ளைச் சோளம் என்கிற அதே இறுங்குதான்.

மில்லிக்கனில் அவர்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கினாள். இறுங்குப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டு, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, வாளியை மூடி நொதிக்க விடுவாள். முதல் தரம் வந்தது வாயில் வைக்க முடியாத புளிப்பு, அப்படியே சிங்குக்குள் ஊற்றினாள். அடுத்தது இருமல் மருந்து மாதிரி. பிறகொரு தரம் தேசிக்காய்த் தோலும் இடித்த கொத்தமல்லியும் சேர்த்தாள். போத்தலில் அடைத்துக் காத்திருந்து திறந்தபோது நுரை பொங்கிக்கொண்டு வந்தது. மெல்லிய புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. பார்லிப் பியரின் ருசி இல்லைத்தான். ஆனாலும் அவள் பயமில்லாமல் குடிக்கக்கூடிய பியர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓகஸ்ட் மாத லோங் வீக்கெண்டில் அக்கா துர்க்கா விட்பியில் வாங்கிய புது வீட்டுக்குச் சொந்தக்காரரை எல்லாம் பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டாள். நிலாணி தன் போத்தல்களைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் ஒரு புறமாக வைத்தாள்.

"கண்டியளே, பொம்பிளை கசிப்புக் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறா," என்று, ஏதோ கள்ளச் சாராயம்போல, டெனிஸ்டன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சனம் சிரித்தது. அவர் கையிலும் பியர்தான் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் பகிடி விடவில்லை.

கொஞ்ச நேரத்தால் அவரே ஒரு கிளாஸை நீட்டினார். "இந்தாரும், உம்மட பியர். நானே திறந்து ஊத்திக்கொண்டு வந்தனான்."

சரியான வெயில். வாங்கி மளமளவென்று குடித்தாள். அரைவாசி உள்ளே போன பிறகுதான் நாக்குக்குப் பிடிபட்டது. புளிப்பு இல்லை. தேசிக்காய் மணமும் இல்லை.

"அத்தான், இது என்ர பியர் இல்லை."

அவர் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியளே! அரைக் கிளாஸ் குடிச்சிட்டா. ஏதும் நடந்ததே? எல்லாம் மனப்பிராந்தி எண்டு நான் அப்பவே சொன்னனான்."

அவள் கிளாஸை மேசையில் வைத்தாள். "எனக்கு நஞ்சைத் தந்துபோட்டுச் சிரிக்கிறியள்," என்றாள்.

"அவர் சும்மா பகிடிக்குச் செய்தவர், நிலா," என்று துர்க்கா ஓடிவந்தாள். "சனம் நிக்குது. பிறகு கதைப்பம்."

எலும்பும் தோலுமாக நிலாணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் இதே அக்காதான். உடனே வெளிக்கிடுவோம் என்று நிலாணி சொன்னாள். சாப்பிடாமல் போனால் சரியில்லை என்று திலக்சன் இழுத்தடித்தான்.

திரும்பி வரும் வழியில், 401 நெடுஞ்சாலையில் ஏஜாக்ஸைத் தாண்ட முதலே வயிறு முறுக்கத் தொடங்கியது. திலக்சன் காரை ஓரங்கட்டினான். லொறிகள் அள்ளி எறிந்த காற்றில் குனிந்து நின்று சத்தி எடுத்தாள். சத்தி நிற்பதும் திரும்ப வருவதுமாக இருந்தது. அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு அவன், "இவ்வளவு வரும் எண்டு நான் நினைக்கேல்லை," என்றான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்ப எவ்வளவு வரும் எண்டு நினைச்சனீங்கள்?"

அவன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினான்.

"அத்தான் மாத்தப்போறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"சொன்னவர். முதல் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். பிறகு யோசிச்சன், கொஞ்சம் குடிச்சு ஒண்டும் செய்யேல்லை எண்டால் உமக்கும் சுகம்தானே. கலியாணவீடு, கோயில், எங்க போனாலும் நீர் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாய்..."

"அதுக்கு என்ர குடலை வைச்சே சோதிச்சுப் பாத்தனீங்கள்?"

அடுத்த நாள் அவள் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தபோது, குடும்ப வாட்ஸப் குழுவில் துர்க்கா படங்களைப் போட்டு, நிலாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் வேளைக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தாள். வயிற்று நோவைவிட அது எரிந்தது. நிலாணி ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசி அனுப்பினாள்.

"வெயில் இல்லை. டெனிஸ்டன் அத்தான் என்ர பியர் எண்டு பொய் சொல்லிப் பார்லிப் பியரைத் தந்தவர். திலக்சனுக்கும் தெரியும். விடிய விடியச் சத்தியும் வயித்தோட்டமும். உங்கட பிள்ளையளுக்கு கச்சான் கடலை அலர்ஜி கிலர்ஜி இருந்தால், அந்த வீட்டுக்கு விட முதல் யோசியுங்கோ."

அடுத்த கிழமை டெனிஸ்டன் வாசலில் வந்து நின்றார். "சரி, சொரி. எண்டாலும் குடும்ப விஷயத்தை உப்பிடி எல்லாருக்கும்..."

"எண்டாலும் இல்லாமல் சொல்லுங்கோ, அத்தான்."

"சொரிதான். ஆனா நான் பகிடிக்குத்தானே..."

"ஆனாவும் வேண்டாம்."

"உமக்கு வாய் கூடிப்போச்சு," என்று முகம் சிவக்கத் திரும்பிப் போனார். நிலாணி கதவைச் சாத்தினாள். அவரோடு அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

துர்க்கா ஒருநாள் தனியாக வந்தாள். "அண்டைக்கு நான் உன்ர பக்கம் நிண்டிருக்கவேணும், நிலா," என்றாள். புருஷனுக்காக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அக்காவுக்கு நிலாணி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

திலக்சனோடு கோபம் அவ்வளவு லேசில் ஆறவில்லை. அவளுடைய அடுத்த செக்கப்புக்குத் தானும் வருகிறேன் என்று வந்து, டொக்டரிடம் கேள்வி கேள்வியாகக் கேட்டான். திரும்பி வரும்போது காருக்குள், "ஒரு வாய் குடிச்சாலே காணுமாம், நிலா. உள்ளுக்குப் புண் ஆற மாதக்கணக்காகுமாம்," என்று கலங்கிப்போய்ச் சொன்னான்.

"இதைத்தானே நான் இரண்டு வருஷமாச் சொன்னனான்," என்றாள் நிலாணி. "டொக்டர் ஒருக்காச் சொல்ல நம்பிறியள்."