சும்மா கிடந்த மேடு

கணக்கெடுப்புப் படிவத்தில் நிலத்துக்கு இரண்டே கட்டங்கள்: பயனுள்ளது, பயனற்றது. தொழுவங்களுக்குப் பின்னாலிருந்த பொதுமேட்டைப் பற்றிப் பால்காரம்மாவிடம் கேட்டேன். "அது இந்த வருஷம் சும்மா கிடக்குக்கா" என்றாள். 'இந்த வருஷம்' என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. பயனற்றது என்பதில் டிக் அடித்துவிட்டு, அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

எட்டே மாதத்தில் மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்துவிட்டது. சூரிய மின்தகடு பதிக்கப் போகிறார்களாம். நல்ல திட்டம்தான், புகையில்லை, கரியில்லை. 'நீடித்த வளர்ச்சி' என்று பலகையே வைத்திருந்தார்கள்.

பால்காரம்மா நேரே ஆபீஸுக்கு வந்து என் மேசை முன் நின்றாள். ஒரு வருஷம் மேயவிட்டால், மறு வருஷம் புல் விதை உதிர்க்கும்வரை மாட்டை மேட்டில் ஏற்றமாட்டார்களாம். வேலி நின்றால் வரும் கோடையில் பதினோரு வீட்டு மாடுகளையும் விற்க வேண்டியதுதான் என்றாள்.

"சும்மா கிடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"பிள்ளை பெத்து மூணு மாசம் நீங்களும் சும்மாதான் இருந்திருப்பீங்க. பயனில்லாதவள்னு உங்களை யாராவது எழுதினாங்களா, மேடம்?"

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். எனக்கு உறைத்ததோ, அக்கா மேடமாகிப் போனதுதான்.

மேலதிகாரியிடம் போனேன். படிவத்தில் நான் பதிந்தது தவறென்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் வேலையை நிறுத்தி மறுபடி விசாரிக்கலாம் என்றார். ஆனால் முப்பது வருஷ சர்வீஸில் முதல் கரும்புள்ளி, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மேசைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற இடம் வந்ததும் கை தானாக ஓடியது.

"என்ன எழுதினீங்க? படிங்க" என்றாள் பால்காரம்மா.

"தகவல் சொன்னவர் தெளிவாகச் சொல்லவில்லை."

கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ தாளை என் பக்கமே தள்ளினாள்.

"அப்படி எழுதினாத்தான் மேடு திரும்பக் கிடைக்கும்னா, இருக்கட்டும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில், 'கேட்கப் போனவள் காது கொடுத்துக் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இதையும் படிங்க" என்றாள்.

'கேட்கப் போனவள்' என்பதுவரை படித்தேன். மீதியைப் படிக்காமல் தாளை மடித்துக்கொண்டு மேலதிகாரி அறைக்கு நடந்தேன்.