சீனி நுழையாத வீடு

மனித குலம் சீரழியத் தொடங்கியது தேத்தண்ணீரில் சீனி போட்ட அன்றுதான். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் வாப்பா, பெல்மதுளைச் சந்தியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜமால்தீன். இடது உள்ளங்கையில் கித்துள் பனைக் கருப்பட்டித் துண்டு, வலது கையில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணீர்; ஒரு கடி, ஒரு மிடறு. வேறெப்படிக் குடித்தாலும் அது குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் அவர் கலியாணம் முடித்தபோது இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவை அரிசி, உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய். அப்புறம் உம்மா குடை கேட்டார். வாசனைச் சவர்க்காரம் கேட்டார். பேக்கரிப் பாண் வந்தது, பிஸ்கட் தகரம் வந்தது, பலாங்கொடைக்கு நடந்து போன கால்கள் பஸ்ஸில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் வாப்பா வாசலில் நின்று போரிட்டார். ஒவ்வொன்றும் அவரைத் தாண்டி உள்ளே போயிற்று. முப்பத்திரண்டாம் ஆண்டில் அவரிடம் எஞ்சியிருந்த கடைசிக் கோட்டை சீனி.

அதற்கிடையில் தாத்தாவுக்கு, அதாவது என் அக்கா பளீலாவுக்கு, இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து கருப்பட்டியைக் கடித்துவிட்டுப் போனார்கள். பல்வலியோ என்னவோ, பிறகு வாயே திறக்கவில்லை. இன்று பலாங்கொடை முக்தார் ஹாஜியார் தன் மகன் நுஹ்மானுக்குப் பேச வருகிறார். தாத்தா காலையிலிருந்து நான்கு முறை தோடு மாற்றிவிட்டாள்.

"இண்டைக்குச் சீனி வைக்காட்டி நான் குசினிய விட்டு வெளிய வரமாட்டேன்," என்றார் அடுப்பின் முன் நின்ற உம்மா.

"நீ என்னத்துக்கு? தேத்தண்ணி வந்தாப் போதும்."

"வாப்பா," கதவுக்குப் பின்னாலிருந்து தாத்தாவின் குரல். "இவங்களும் போய்ட்டா நான் கருப்பட்டியையே கலியாணம் முடிக்கிறேன்."

வாப்பா வாயைத் திறந்தார், மூடினார். அந்த இடைவெளியில் சீனி வாங்கப்பட்டுவிட்டது.

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. வீடே ஒருதரம் குலுங்கி எழுந்தது. நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன்: நடுவில் புதுப் பீங்கானில் வெள்ளை வெளேரென்று சீனி, வாப்பாவின் கோப்பையோரம் மட்டும் அவருடைய கருப்பட்டி. ஹாஜியார் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார். மணி அடித்த மாதிரி இருந்தது. திரைக்குப் பின்னால் தாத்தா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

"ஏன் நானா, உங்களுக்கு மட்டும் கருப்பட்டி?" வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கேட்ட ஹாஜியாருக்கு உண்மையான கவலை. "ஊட்டுல சீனிக்குக் கஷ்டமா?"

வாப்பா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இல்ல ஹாஜியார். இது... மருந்து. இருமலுக்கு."

உடனே ஒருதரம் இருமியும் காட்டினார். இருபத்துநாலு வருடக் கொள்கை அதோடு வெளியே வந்து விழுந்தது.

அஸர் தொழுகைக்கு முன் நாள் குறித்துவிட்டார்கள். கார் போனதும் குசினியில் ஒரே கூத்து. தாத்தா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று உம்மாவுக்கே தெரியவில்லை. கோப்பைகளை எடுக்க நான் முன்னறைக்குப் போனேன். வாப்பா தனியே உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கையில் கருப்பட்டி, ஒரு கடியும் படாமல். வலது கையில் சீனி ஒட்டிய கரண்டி. அது கோப்பைக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, விளிம்பில் எங்கும் படாமல், ஒரு சத்தமும் எழாமல், ஒளித்துக் கலக்கி நெடுநாள் பழகிய கை அது என்பது போல.