மரியாதைப் பிழை

அந்த விண்வெளித் தொடரின் பத்தொன்பதாவது பாகம் ஒரு கண்றாவி. இதைச் சொல்ல விமர்சகர் யாரும் வர வேண்டியதில்லை, எடுத்தவர்களே ஒப்புக்கொள்வார்கள். வேற்றுக்கிரகத்துப் பாறைகள் அட்டை. நடிகர் சாய்ந்தால் பாறையும் சேர்ந்து சாயும். எட்டுக்கால் பிராணியின் முதுகில் ஜிப் தெரியும். கப்பல் நூலில் ஆடும். கதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது என்பார்கள், அடுத்த காட்சியில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும்.

கடைசி நாலு நிமிஷம் மட்டும் வேறு. கப்பலில் ஓர் ஆளுக்கு இடமில்லை. மெக்கானிக் அங்கேயே தங்கிவிடுகிறான். கதவு மூடும்போது தலைவரைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்கிறான். சிரிப்பதற்கென்றே உட்கார்ந்தவர்கள்கூட அங்கே வாயை மூடிக்கொள்வார்கள். அந்த நடிகர் அப்படி நடித்திருந்தார்.

அதிலும் ஒரு குறை இருந்தது. தாளில் எழுதியிருந்தது "போயிட்டு வாங்க, தலைவரே." அவர் சொன்னது "போயிட்டு வா." பாகம் முழுக்க வாங்க போங்க என்று கைகட்டி நின்றவன், கடைசியில் ஒருமைக்கு இறங்கிவிட்டான். சாகப்போகிறவன் எதற்கு மரியாதை பார்க்கணும் என்று ஜனங்கள் நாற்பது வருஷமாகக் கிண்டலடிக்கிறார்கள்.

இப்போது தொடரைத் துடைத்து மெருகேற்றி மறுபடி வெளியிடப் போகிறார்கள். ஜிப்பை அழித்தாயிற்று, நூலையும் அழித்தாயிற்று. பாக்கி அந்த 'ங்க' ஒன்றுதான். நடிகரையே கூப்பிட்டுப் பேச வைத்து, குரலை இளமையாக்கி ஒட்டிவிடுவதாக ஏற்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கக் குறிப்பு அக்காவையும் வரச் சொன்னார்கள்.

படப்பிடிப்பில் நோட்டோடு உட்கார்ந்து, யார் எந்தக் கையில் கோப்பை பிடித்தார், எந்த வசனம் பிசகியது என்று எழுதுவதுதான் அந்தக் காலத்தில் அவள் வேலை. நாளாவட்டத்தில் வேலையே பெயராகிவிட்டது. அந்த 'வா'வைப் பிடித்திருக்க வேண்டியவள் அவள்தான். நோட்டில் 'சரி' என்று எழுதிவிட்டாள். "தூங்கிட்டீங்களா அக்கா?" என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

அவள் தூங்கவில்லை. அந்த ஷாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வராந்தாவில் போன் அடித்தது. நடிகரின் மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். நாளைக்கு என்றிருந்த ஆபரேஷனை இன்றைக்கே செய்கிறார்களாம். ஆறு வயது மகள் உள்ளே போக மாட்டேன் என்கிறாள். "உடனே வரச் சொல்லுங்க. அப்பா வந்தாத்தான் போவேன்னு அழுறா."

ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு ஓடினாள். கதவருகே இயக்குநர் மறித்தார். "ஒரே ஷாட். முடிச்சிட்டுச் சொல்லு. நாலு மணிக்கு செட்டைக் கலைச்சாகணும்." அவளுக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். சீட்டை நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஷாட் முடிந்த பிறகு சொன்னாள். அவர் மேக்கப்போடு ஓடினார். அவர் போவதற்குள் பாப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உயிரோடு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் இருக்கிற பக்கமே அவள் போனதில்லை. இன்றைக்குத்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவர் வாயால் நாலு திட்டு வாங்கினாலாவது நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

நடிகருக்கு எழுபத்து நாலு வயது. மைக்கின் முன்னால் உட்கார்ந்து எட்டுத் தடவை "போயிட்டு வாங்க" சொன்னார். ஒலிப்பதிவுப் பெண் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, முதலாளியிடம் காட்டி வருவதாக மாடிக்குப் போனாள். கதவு சாத்தியதும் குறிப்பு அக்கா ஆரம்பித்தாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் போன் ஷாட்டுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நான்தான் சொல்லல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்மா."

அவளுக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை.

"நீ கதவுகிட்ட சீட்டோட நின்னே. உன் மூஞ்சியிலயே எல்லாம் இருந்துச்சு. என்னன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா போகணுமே. தொண்டையில அழுகை வந்து நின்னுச்சு. அதை ஷாட்டுக்குன்னு வெச்சுக்கிட்டேன். அந்த மாதிரி ஒரு ஷாட்டுக்காகப் பத்து வருஷம் காத்துக்கிட்டு இருந்தவன் நான். வாயைத் திறந்தா பாப்பா முகம்தான் தெரிஞ்சுது. அப்புறம் 'வாங்க' எப்படி வரும்? அதைத்தான் எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்க. அந்த 'வா'வை அழிக்கப் போறாங்கன்னதும் ஓடி வந்தேன்."

குனிந்தபடியே சொன்னார். "வீட்ல உன் மேல பழியப் போட்டேன். அந்தப் பொண்ணு மறைச்சிட்டான்னு. என் வீட்டுக்காரி சாகிற வரைக்கும் உன்னைத்தான் திட்டினா. நான் வாயத் திறக்கல."

தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தன் பாவம்தான் துரத்துகிறது என்று நடுங்கியிருக்கிறாள். இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் பாதியாகக் குறைந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று நிமிர்ந்தாள்.

அவர் முந்திக்கொண்டார். "போன்ல என்ன சொன்னாங்க? பாப்பா ஏதாவது கேட்டாளா? என் வீட்டுக்காரிகிட்ட கேட்க எனக்குத் தைரியம் வரல. அது இப்ப உன்கிட்ட மட்டும்தான் இருக்கு."

அந்த வார்த்தைகள் ஓர் எழுத்துப் பிசகாமல் அவளிடம் இருந்தன. நாற்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பழிதீர்க்க அது ஒன்றே போதும். அவர் கை மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பாப்பா தூங்கிட்டிருக்கான்னு சொன்னாங்க, சார். ஊசி போட்டுட்டாங்களாம். எதுவும் கேட்கல."

கண் இமைக்காமல் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் நடிப்பைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. எந்தக் குரல் எந்த இடத்தில் பொய்யாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நல்லாச் சொன்னே," என்றார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் சொன்னாள்.