முடிவெட்டப் போன அரைமணி

"வளைவுல திரும்பவே மாட்டேங்குதுங்க, முன் டிஃப்ல எண்ணெய் ரொம்பக் கெட்டி..."

"கெட்டியா இருந்தாத்தான் முன்சக்கரம் ரெண்டும் சேர்ந்து இழுக்கும், நான் சொல்றதைக் கேளு..."

"எங்கே இழுக்கும்? நேரா செவுத்துக்கா?"

"பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டறவன்டி நான்!"

"இதுல என்ன, ஐம்பது பேரா ஏறப் போறாங்க?"

முழ நீளத்து ரிமோட் பந்தய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம், சாப்பாட்டு மேசையில் மல்லாந்து கிடந்தது. அதைப் பிரித்துப் பூட்டுவது பஸ் டிரைவரான கணவர். பந்தயத்தில் ஓட்டுவது தையல்காரியான மனைவி. ஆறு வருடத்தில் இப்போதுதான் முதல்முறையாக இறுதிச் சுற்றைத் தொட்டிருக்கிறாள். நாளைக்குக் கோட்டை விட்டால் இன்னும் ஒரு வருடம்.

அவர் முடிவெட்டப் போன அரைமணியில் அவள் முன் கியர் பெட்டியைத் திறந்தாள். இரண்டு முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர உருண்டையான டிஃப்பை வெளியே எடுத்தாள், அதிலிருந்த கெட்டி எண்ணெயை வழித்தாள், லேசான எண்ணெயை ஊற்றி, திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். காஜா எடுக்கிற கைக்கு நாலு திருகாணி எம்மாத்திரம்!

மறுநாள் பந்தயக் கூடம். தொடங்கப் பத்து நிமிடம். விசையை அழுத்தினாள். வண்டி நகரவில்லை. நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. பின்சக்கரம் முன்னால் தள்ள, முன்சக்கரம் பின்னால் தள்ளியது.

"அண்ணி, அப்படியே நம்ம குடும்பம்!" என்றான் பக்கத்து மேசைக் கொழுந்தன். அவனும் போட்டியில் இருந்தான்.

"உன் வண்டியைப் பாருப்பா. ஏங்க, என்ன பண்ணி வச்சீங்க?" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"நான் தொடவே இல்லையே!" பெட்டியைத் திறந்து பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "டிஃப் இடவலம் மாறி உட்கார்ந்திருக்கு. அதான் முன்னாடி மட்டும் தலைகீழாச் சுத்துது."

அவள் கூரையில் மின்விசிறிகளை எண்ணினாள்.

அவர் டிஃப்பைத் திருப்பி வைத்து, பெட்டியைப் பூட்டி, சரிபார்க்க ஒரு முன்சக்கரத்தை விரலால் சுண்டினார். மற்றது வழக்கம்போல் எதிர்ப்பக்கமாகச் சுழன்றது; ஆனால் கெட்டி எண்ணெயின் பிடிப்பே இல்லாமல், விர்ரென்று. மறுபடி சுண்டினார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"கூப்பிடறாங்க, போ."

வளைவுகளில் வண்டி துணியில் கத்தரி போவதுபோல் போனது. கடைசி வளைவில் கொழுந்தனின் உட்புறமாகப் புகுந்து இரண்டாம் இடம் பிடித்தாள். "அண்ணி, இது அநியாயம்!" என்று அவன் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது.

கணவர் வண்டியை மடியில் வைத்து, முன்சக்கரத்தை நிதானமாகச் சுண்டினார்.

"நான் ஊத்தின எண்ணெய்ல இது இப்படிப் பம்பரமாச் சுத்தாதே... நேத்து நான் முடிவெட்டப் போனப்ப, வீட்டுக்கு எந்த மெக்கானிக்மா வந்துட்டுப் போனான்?"